வெயிலாச்சி போணி

வெகுகாலத்துக்கு முந்தின சங்கதி இது. நம்ம பக்கத்துக்கு ரயிலு புதுசா வந்த காலம்னு வச்சுக்கிடுங்க. அப்ப நெட்டூரணின்னு ஒரு ஊரு. ஊருக்கு வெளிய ஒரு பொட்டல். பொட்டல்ல நாலஞ்சு வாகைமரம். அந்த மரத்தடியில செவ்வாய்க்குச் செவ்வாய் சந்தை கூடுமாம். சந்தைன்னா பெரிய சந்தை இல்ல. பதினோரு கடை. பதினோரு கடைக்கும் பதினோரு வாய்.

அந்தப் பதினோரு வாயில பெரிய வாய் வெயிலாச்சி வாய். முழுப்பேரு வெயிலுகந்தாள். கருப்பட்டி விக்கிறவ. புருசன் பனையேறி, போய்ச் சேர்ந்து ஏழு வருசம். பிள்ளை குட்டி கிடையாது. ஆளு ஒல்லி, தொண்டை தடிமன். அவ ஒரு சத்தம் கொடுத்தா வாகைமரத்துக் காக்கா பூராவும் அடுத்த ஊருக்குப் பறந்துருமாம். நான் சொல்லலை, சொல்லக் கேள்வி.

அவளுக்கு அந்தக் கடைதான் சோறு, அந்தக் கடைதான் மானம். கடை இல்லைன்னா அவளுக்குப் போக்கிடம் ஒண்ணே ஒண்ணுதான். அண்ணன் வீடு. அண்ணன் தங்கமான மனுசன். ஆனா மதினி இருக்காளே மதினி! புருசன் செத்த பதினாறாம் நாளே ஆள் அனுப்பிட்டாளாம்.

"நாத்தனாளுக்கு எங்க வீட்ல இடம் உண்டு. அடுப்படி பெருசு. தொழுவுல மாடு எட்டு நிக்கிது, சாணி அள்ள ஆள் இல்ல. உடனே வரச் சொல்லு."

வெயிலாச்சி ஒரு கருப்பட்டிய எடுத்து வந்தவன் கையில கொடுத்தாளாம். "எங்க மதினி வாயில இதப் போடு. கொஞ்சமாவது இனிக்கட்டும். நான் வரலை"ன்னு சொல்லிட்டாளாம்.

சரி. அவளுக்குப் பக்கத்துக் கடை யாருன்னா ஆவுடையப்ப செட்டியாரு. செக்கு வச்சு நல்லெண்ணெய் ஆட்டி விக்கிறவரு. ரெண்டு பேருக்கும் பன்னெண்டு வருசமா ஆகாது. என்ன சண்டை? சொத்துச் சண்டையா, வரப்புச் சண்டையா? அதெல்லாம் இல்ல. நிழல் சண்டை! காலையில வாகைமர நிழல் செட்டியார் கடை மேல விழும். உச்சி சாஞ்சதும் நிழலு நகந்து வெயிலாச்சி கடைக்கு வந்துரும்.

"ஏ ஆச்சி, எங்க நிழல ஏன் இழுத்தே?"ம்பாராம் செட்டியாரு.

"நிழலுக்கே உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்கார முடியலையாம், அதான் எந்திரிச்சு வந்துருச்சு"ம்பாளாம் இவ.

இப்படியே பன்னெண்டு வருசம். சூரியன் மேல ஒருத்தரும் வழக்குப் போடலை.

இவங்க ரெண்டு பேரு மட்டுமா? சந்தையே அப்படித்தான். அந்தப் பக்கம் மிக்கேலம்மா கருவாட்டுக் கடை. கடக்கரைக்காரி, நல்ல மனசு, ஆனா அவளுக்கும் நாக்கு உப்புத்தான். அவளுக்கு அங்கிட்டு சங்கிலி வேளாரு, பானைக் கடை. அவரு எங்க பூட்டன். அதனால அவர நான் ரொம்பத் திட்ட மாட்டேன், கொஞ்சம் திட்டுவேன்.

சம்சாரி ஒருத்தன் சந்தைக்கு வருவான். செட்டியாருகிட்ட கேப்பான், "செட்டியாரே, அந்த ஆச்சிகிட்ட கருப்பட்டி எப்படி?"

"கருப்பட்டியா? பாதி மண்ணு, பாதி கல்லு. வீடு கட்டுறதுன்னா வாங்கிட்டுப் போரும்."

வெயிலாச்சிகிட்ட கேப்பான், "செட்டியாரு எண்ணெய் எப்படி ஆச்சி?"

"ஈ செத்து மிதக்கும். வழுக்கி விழுந்து சாகலை, குடிச்சுப் பாத்துட்டுச் செத்துச்சு."

வேளாருகிட்ட கேப்பான், "மிக்கேலம்மா கருவாடு?"

"திருநாளுக்குப் பிடிச்ச மீனு. எந்த வருசத்துத் திருநாள்னு மட்டும் கேக்காதே."

மிக்கேலம்மாகிட்ட கேப்பான், "வேளாரு பானை?"

"நல்ல பானை. தண்ணி ஊத்தி வச்சா, தண்ணியத் தவிர மத்ததெல்லாம் உள்ளயே இருக்கும்."

சம்சாரி என்ன செய்வான்? ஒரு கடைக்காரன் சொன்னா பொறாமைன்னு தள்ளிரலாம். ஒவ்வொரு கடையையும் மிச்சம் பத்துக் கடையும் சேந்துல்லா குறை சொல்லுது! பத்து வாய் சொன்னா நம்பாம இருக்க முடியுமா? எல்லாரும் சொன்னத எல்லாரும் நம்பிட்டாவ. வெறும் பையோட வந்தவன் வெறும் பையோட திரும்பி, மூணு மைல் தள்ளி ரயிலடியில புதுசாப் போட்ட சந்தைக்கு நடையக் கட்டிட்டான். இன்னைக்கு ஒருத்தன், நாளைக்கு நாலு பேரு. கொஞ்ச நாள்ல நெட்டூரணிச் சந்தையில காக்காயும் கடைக்காரனும்தான் மிச்சம்.

பொட்டல் மகராசப் பண்ணையாருக்குப் பாத்தியம். ஒரு செவ்வாய்க்கிழமை அவரு குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாராம். இங்கிட்டுப் பாத்தாரு, அங்கிட்டுப் பாத்தாரு.

"இது சந்தையா, இழவு வீடா? இழவு வீட்லயாவது நாலு பேரு வருவான். புரட்டாசி பொறந்தாச்சு. நான் இதுல பருத்தி போடப் போறேன்."

பதினோரு பேரும் கும்பிட்டு விழுந்தாவளாம். பண்ணையாரு யோசிச்சாரு.

"சரி, இன்னும் மூணு செவ்வாய் தாறேன். கூட்டம் சேரலைன்னா மூணாவது செவ்வாய் உச்சிப் பொழுதுக்கு இங்க ஏர் பூட்டிருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

வெயிலாச்சி வீட்டுக்குப் போயிப் பாயில சாஞ்சா. கண்ண மூடினா எட்டு மாடு. எட்டு மாட்டுக்கும் மதினி மூஞ்சி. அன்னைக்கு ராத்திரி அவ உறங்கவே இல்ல. விடிஞ்சதும் எல்லாக் கடைக்காரனையும் வாகைமரத்தடிக்குக் கூப்பிட்டாளாம்.

"நம்மளக் கெடுத்தது ரயிலடிச் சந்தை இல்லவே, நம்ம வாய். பத்து வாய் கெட்டதுன்னு சொன்னத ஊரு நம்பிச்சுல்லா? அதே பத்து வாய் நல்லதுன்னு சொன்னா நம்பாமயா போயிரும்? இனிமே ஒருத்தனும் தன் சரக்கப் பத்திப் பேசப்படாது. அடுத்த கடைச் சரக்கப் புகழணும்."

எல்லாரும் அவளையே பாத்தாவளாம். பேயறைஞ்ச மாதிரி.

"புகழணுமா? யாரை?"ன்னு கேட்டாராம் செட்டியாரு.

"என்னைத்தான்."

"அதுக்குப் பருத்தியே போடட்டும்"னு எந்திரிச்சுட்டாராம் மனுசன். மிக்கேலம்மாதான் துண்டப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாளாம். "அண்ணாச்சி, ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நாக்கு ஒண்ணும் அழுகிப் போயிராது."

செட்டியாரு கண்ண இறுக்க மூடினாரு. மூச்ச இழுத்தாரு. "வெயிலாச்சி கருப்பட்டி நல்..." அதுக்கு மேல வரலை. "நல்... நல்..." விக்கல் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு செம்பு தண்ணி குடிச்சும் நிக்கலை. எங்க பூட்டன் முதுகுல நாலு குத்து குத்தினாராம். அந்தச் சாக்குல ரெண்டு குத்து கூடவே விழுந்துச்சுன்னு அவரே பின்னால சொல்லிச் சிரிப்பாராம்.

முதச் செவ்வாய் வந்துச்சு. ரயிலடிக்குப் போற வழியில ஏழெட்டுப் பொம்பளைங்க இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாவ. அவ்வளவுதான், பதினோரு பேரும் ஆரம்பிச்சுட்டாவ. பல்லக் கடிச்சுக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு, "அந்தம்மா கருவாடு அமிர்தம்!" "அவரு பானை தங்கம்!" செட்டியாருக்கு விக்கல் வந்துரக் கூடாதேன்னு பயம். ஒரே மூச்சுல, "கருப்பட்டி-நல்லாருக்கும்-போ!"ன்னு ஒரு அதட்டுப் போட்டாராம். கேட்டவ ரெண்டு எட்டு பின்னால போயிட்டா.

"எம்மா, இவங்க ஒருத்தரை ஒருத்தரு நல்லதுன்னு சொல்லுதாவளே! எல்லாருமாச் சேந்து எதையோ கலந்துட்டாவ போல. ஓடுங்கட்டி!"

ஓடியே போயிட்டாவ. முதச் செவ்வாய் போச்சு.

ரெண்டாம் செவ்வாய் வந்துச்சு. இந்தத் தடவை நல்லாப் பழகிட்டாவ. பல்லக் கடிக்கலை, சிரிச்ச மூஞ்சி. தேனா ஒழுகுது பேச்சு. ஒரு வயசாளி வந்தாரு, அவருக்கு வேண்டியது ஒரு தண்ணிப்பானை. எங்க பூட்டன்கிட்ட போனாரு.

"பானை கிடக்கட்டும் பெரியவரே. மிக்கேலம்மா கருவாட்டப் பாத்தீரா? போய்ப் பாரும் முதல்ல."

மிக்கேலம்மாகிட்ட போனாரு. "கருவாடு கிடக்கட்டும் தாத்தா. செட்டியாரு எண்ணெயப் பாத்தியளா?"

செட்டியாருகிட்ட போனாரு. "எண்ணெய் கிடக்கட்டும். அந்தா... அந்தக் கருப்பட்டியப் போய்ப் பாரும்."

வெயிலாச்சிகிட்ட வந்தாரு. "கருப்பட்டி கிடக்கட்டும்யா. வேளாரு பானை மாதிரி எங்கயும் கிடைக்காது. ஓடுங்க, ஓடுங்க!"

திரும்ப வேளாருகிட்ட. திரும்ப மிக்கேலம்மாகிட்ட. மூணு சுத்து சுத்தினாராம் மனுசன். தேருகூட ஒரு சுத்துல நிலைக்கு வந்துரும். கடைசியில மரத்தடியில உக்காந்து, காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு, எந்திரிச்சு வெறுங்கையோட வீட்டுக்குப் போயிட்டாராம். ஊர்ல போய்ச் சொன்னாராம், "நெட்டூரணியில இப்பல்லாம் விக்கிறதில்லப்பா. கை காட்டுறதோட சரி."

ரெண்டாம் செவ்வாயும் போச்சு.

மூணாம் செவ்வாய் விடிஞ்சப்ப வெயிலாச்சிக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு. புகழுறதும் இல்ல, திட்டுறதும் இல்ல. கடைய விரிக்கவும் மனசில்ல. ஆனா பாருங்க, கூட்டம் அள்ளுது! சரக்கு வாங்க இல்ல. சந்தைய உழப் போறாவளாம்னு சேதி பரவிருச்சு, வேடிக்கை பாக்க வந்த கூட்டம். மனுசப் புத்திய என்னன்னு சொல்ல? சந்தைக்கு வராத ஊரு, சந்தை சாகுறதப் பாக்க வண்டி கட்டிக்கிட்டு வந்துச்சு.

பண்ணையாரு குடையோட வந்துட்டாரு. ரெண்டு சோடி காளை, ரெண்டு ஏரு, ரெண்டு உழவன். ஓரமா நிக்கிது. "வேடிக்கை பாக்க வந்தது கணக்குல சேராது. வாங்குறவன் இருக்கானா?"ன்னு கேட்டாராம். கூட்டம் காளையத்தான் பாத்துச்சு.

இன்னொரு வண்டியும் வந்து நின்னுச்சு. அண்ணன் வண்டி, ஓட்டிக்கிட்டு வந்ததும் அண்ணன்தான். அதுல மதினி கால் நீட்டி உக்காந்திருக்கா.

"ஏறு நாத்தனா. போற வழியில மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கணும்"னாளாம்.

வெயிலாச்சி ஒண்ணும் பேசலை. அந்த வாய் பேசாம இருந்தது அன்னைக்குத்தான். கருப்பட்டியெல்லாம் ஓலைப்பெட்டியில அடுக்குனா. மூடினா. தலையில தூக்கினா. எல்லாரையும் ஒரு பார்வை பாத்துட்டு, வண்டியப் பாக்க நடந்தா. நாலு எட்டு வச்சிருப்பா.

பின்னால இருந்து ஒரு சத்தம். "ஏ ஆச்சி! நில்லு! நீ போயிட்டா எங்க வீட்டுச் சுக்குத்தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

செட்டியாரு! சொல்லிட்டு மனுசன் தன் வாயத் தானே பொத்திக்கிட்டாராம்.

வெயிலாச்சி திரும்பினா. "என்னது?"

"ஒண்ணுமில்ல."

"சுக்குத்தண்ணின்னு காதுல விழுந்துச்சே."

"காத்து."

மிக்கேலம்மாவால அடக்க முடியலை. "காத்தா? யக்கா, நான் சொல்லுதேன் கேளு. பன்னெண்டு வருசமா இவருக்கு உங்கிட்ட கருப்பட்டி வாங்கிக் கொடுக்கிறது நான்தான். வேற கருப்பட்டி போட்டா சுக்குத்தண்ணி இறங்க மாட்டேங்குதாம். 'யாருக்கும் தெரியப்படாது தாயி'ன்னு மாதா மேல சத்தியம் வாங்கிருக்காரு!"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுட்டு. செட்டியாருக்கு மூஞ்சி செவந்து போச்சு. ஆனா கோவம் வந்தா மனுசனுக்கு உண்மை வந்துருது பாருங்க. கத்தினாராம்.

"ஆமா வாங்கினேன்! என்ன இப்ப? இவ வாய் வேப்பங்காய், கருப்பட்டி தேனு! ரயிலடியில வாங்கிப் பாத்தேன், தூக்கிப் போட்டுட்டேன்! மண்ணுன்னு சொன்னது பொய், போதுமா?"

வெயிலாச்சி பெட்டியக் கீழ எறக்கினா. இடுப்புல கைய வச்சா. "மண்ணுன்னு சொல்லிச் சொல்லி என் பிழைப்புல மண்ணப் போட்டுட்டு, மறைவா நின்னு நக்கிட்டா இருந்தீரு?"

"யக்கா, ரொம்பத் துள்ளாதே"ன்னாளாம் மிக்கேலம்மா. "உன் தலையில மினுங்குதே, அது யாரு வீட்டு எண்ணெய்? அதையும் நான்தான் வாங்கியாந்தேன்!"

வெயிலாச்சி முந்தானைய இழுத்துத் தலைய மூடினாளாம். மூடி என்ன செய்ய? கூட்டத்துல ஒரு கிழவன் கிட்ட வந்து மோந்து பாத்துட்டு, "சுத்தமான செக்கெண்ணெய்! ஈ வாடையே இல்ல!"ன்னு சத்தம் போட்டுட்டானாம்.

அதுக்குப் பிறகு அணை உடைஞ்ச கதைதான். மிக்கேலம்மா குழம்பு கொதிக்கிறது எங்க பூட்டன் சட்டியில. ஒழுகுற பானைன்னு சொன்னாளே, அதே பானையிலதான் கஞ்சித்தண்ணி வச்சிருக்கா, பக்கத்துலயே இருக்கு, ஒரு சொட்டு கீழ இல்ல. எங்க பூட்டனோ, அவ கருவாடு இல்லாம ஒரு வாய்க் கஞ்சி குடிக்க மாட்டாரு. மடியில பொட்டலமா இருந்தத மிக்கேலம்மாவே உருவிக் காட்டினாளாம். பதினோரு பேரு குட்டும் வெளிய வந்துருச்சு. ஒருத்தரை ஒருத்தரு திட்டுறாவ, திட்டத் திட்ட உண்மை கொட்டுது.

ஊர்க்காரன் யோசிச்சான். இவ்வளவு பகையிலயும் ஒளிச்சு ஒளிச்சு வாங்கித் தின்னிருக்கான்னா, அந்தச் சரக்கு எப்படி இருக்கணும்! அவ்வளவுதான். "எனக்கு ரெண்டு கருப்பட்டி!" "எனக்கு அந்த எண்ணெய்!" ஒரே தள்ளுமுள்ளு. பண்ணையாரு திரும்பிப் பாக்காரு, ஏர்க்கால் கீழ கிடக்கு. ரெண்டு உழவனும் கருவாட்டுக் கடையில நிக்கான். காளையப் பாத்துக்கிட ஆளில்ல, அவரே கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம்.

"எலேய், உழுவியளா மாட்டியளா?"

"இரிங்க ஐயா, நல்ல சாளைக் கருவாடு வந்துருக்கு!"

பண்ணையாரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "பருத்தி வேற எடத்துல போட்டுக்கிடுதேன். எனக்கும் அந்தச் சுக்குத்தண்ணிக் கருப்பட்டியில நாலு எடுத்து வையி ஆச்சி"ன்னாராம்.

மதினி என்ன செஞ்சா தெரியுமா? வந்த பொம்பளை சும்மா இருப்பாளா. எண்ணெய் ஒரு குடம், பானை ஆறு, கருவாடு ஒரு கூடைன்னு வண்டிய நிரப்பிட்டா. நாத்தனாளுக்கு உக்கார இடமில்லாமப் போச்சு. அண்ணன் மட்டும் தங்கச்சியப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு வண்டியப் பத்தினாராம். வெயிலாச்சிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சாம். சந்தோசத்துலதான்.

கூட்டம் கலைஞ்ச பிறகு எல்லாக் கடைக்காரனும் உக்காந்தாவ. வெயிலாச்சி சொன்னாளாம், "புகழுறது நமக்கு வராது. திட்டாம இருக்கவும் நமக்கு வராது. அதனால இப்படிச் செய்வோம். சந்தை கூடினதும் நம்ம முதல் போணி நமக்குள்ளயே இருக்கணும். பக்கத்துக் கடைக்காரன் வந்து வாங்கணும். ஊர் பாக்க வாங்கணும், ஊர் பாக்கத் திங்கணும். அதுக்குப் பிறகு எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கிடுவோம். ஆனா சரக்கத் திட்டப்படாது. ஆளத்தான் திட்டணும்."

செட்டியாருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.

அதுல இருந்து இருபத்திரெண்டு வருசம். செவ்வாய்க்குச் செவ்வாய் காலையில செட்டியாரு வந்து வெயிலாச்சி கடை முன்னால நிப்பாரு. "ஏ ராட்சசி, ஒரு கருப்பட்டி எடு." "வாரும் கொள்ளிக்கண்ணா, இந்தாரும்." கடிச்சுத் திம்பாரு. இவ போயி அவரு கடையில எண்ணெய் வாங்கி, ஊர் பாக்க உச்சந்தலையில தேய்ப்பா. இதக் கேக்கவே எட்டூரு சனம் விடியுமுன்ன வந்து இடம் பிடிக்குமாம். ரயிலடிச் சந்தை படுத்துப் போச்சு.

பிறகு ஒரு தை மாசம் வெயிலாச்சி போய்ச் சேந்துட்டா. அடுத்த செவ்வாய் செட்டியாரு வந்தாரு. எண்ணெய்க் குடத்த எறக்கி வச்சாரு, உக்காந்தாரு. வாங்க வந்தவங்க ஏனத்த வச்சுக்கிட்டு நிக்காவ. ஊத்த மாட்டேங்காரு.

"போணி ஆகலை"ன்னாராம்.

"நான் வாங்குதேன் அண்ணாச்சி"ன்னு மிக்கேலம்மா வந்தா.

"நீ வேளாருக்குப் போணி பண்ணு தாயி. என் போணி அங்க இருந்துல்லா வரணும்"னு பக்கத்துல கிடந்த காலி இடத்தக் காட்டினாராம்.

உச்சி ஆயிருச்சு. மெள்ள எந்திரிச்சாரு. அந்தக் காலி இடத்துக்கு முன்னால போயி நின்னாரு. "ஏ ராட்சசி!"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க. இருபத்திரெண்டு வருசத்துலயும் அப்படித் திட்டினதில்லையாம். வாய் நிறையத் திட்டினாரு. திட்டிட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னாரு. பதிலு வரலை. அதுக்குப் பிறகுதான் மனுசன் அழுதாராம்.

நெட்டூரணியில இன்னைக்கும் அந்த வழக்கம் உண்டு. முதல் போணி பக்கத்துக் கடைக்காரன் கையாலதான். அதுக்குப் பேரே வெயிலாச்சி போணி. இப்ப அறுபது எழுபது கடை ஆயிப் போச்சு. ஆனா அந்த வாகைமரத்தடியில ஒரு கடை அகலத்துக்கு இடம் காலியாவே கிடக்கும். யாருக்கும் கொடுக்க மாட்டாவ, யாரும் கேக்கவும் மாட்டாவ. அவ பிள்ளை இல்லாதவன்னு சொன்னேன்ல, சந்தைக்காரன் அத்தனை பேருக்கும் அவதான் முன்னோரு. தை மாசத்து முதச் செவ்வாய் எல்லாக் கடைக்காரனும் அந்த இடத்துக்கு முன்னால வந்து வரிசையா நின்னு, ஆளுக்கு ஒரு வசவு வைவாவ. வஞ்சிட்டு, பதிலு வருதான்னு ஒரு நிமிசம் காதக் கொடுத்துக் கேட்டுட்டுத்தான் கடையத் திறப்பாவ.